மேகத்தில் போட்ட கணக்கு

எங்கள் ஊரில் மேகத்தை நம்பி யாரும் வடாம்கூடப் பிழிய மாட்டார்கள். 2011 டிசம்பரில் 'தானே' வந்து ஊரில் பாதி மரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' வந்து ஒரே நாளில் நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிவிட்டு, தெருவில் படகு விட வைத்தது. அப்பேர்ப்பட்ட புதுச்சேரியில் படித்த மனிதர்கள், பொறுப்பான மனிதர்கள், மூக்குக்கண்ணாடி போட்ட மனிதர்கள் தங்கள் ஆபீஸ் கணக்கு மொத்தத்தையும் மேகத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். கேட்டால், "அது கிளவுட் தம்பி, பத்திரம்" என்கிறார்கள்.

அண்ணாந்து பார்க்காதீர்கள். கிளவுட் என்பது மேலே இல்லை. எங்கேயோ ஒரு குளுகுளு கட்டடத்தில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் வேறு யாருடைய கம்ப்யூட்டரோதான். மைக்ரோஸாஃப்ட் 2015-ல் இந்தியாவில் மூன்று இடங்களில் இந்த மாதிரி கிடங்கு திறந்தது. புனே, மும்பை, அப்புறம் நம்ம சென்னை. ஆக, பாண்டிச்சேரிக்காரர் மேகத்தில் போட்ட பைல் ஈ.சி.ஆர். ரோடில் மூன்று மணி நேரப் பயண தூரத்திலேயே இருக்கலாம். சிங்கப்பூரிலும் இருக்கலாம். நம்மைக் கேட்டுக்கொண்டா வைக்கிறார்கள்?

இதில் 'ஸிங்க்' என்று ஒரு சமாசாரம் உண்டு. கை கழுவுகிற ஸிங்க் இல்லை. (சில சமயம் இரண்டும் ஒன்றுதான்.) ஸின்க்ரனைஸேஷன் என்பதன் செல்லப்பெயர் இது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தை மாற்றினால் வீட்டு லேப்டாப்பிலும் மாற வேண்டும், போனிலும் மாற வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே பைல், ஒரே நிலவரம். கேட்க ரொம்ப நன்றாக இருக்கும்.

யோசித்துப் பார்த்தால் எங்கள் யூனியன் பிரதேசமே ஒரு ஸிங்க் போல்டர்தான். தலைநகரம் இங்கே. காரைக்கால் தெற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி. மாஹே கேரளாவுக்குள், அரபிக் கடல் ஓரம். ஏனாம் ஆந்திராவுக்குள், காக்கிநாடா பக்கம். நாலுக்கும் ஒரே சட்டசபை, ஒரே கவர்னர், ஜி.எஸ்.டி.யில் ஒரே மாநில நம்பர் 34. இங்கே ஒரு உத்தரவு போட்டால் ஏனாமுக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும் என்பதை அரசு ஊழியர்கள் யாரையாவது தனியாகக் கேளுங்கள். இதையாவது விடுங்கள். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். நவம்பர் 1-ம் தேதி நிர்வாகம் கை மாறியது. ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்தில் காகிதத்தில் சட்டப்படி எல்லாம் முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்! கிட்டத்தட்ட எட்டு வருஷம் அந்த பைல் 'பெண்டிங்' என்றே சுற்றிக்கொண்டிருந்தது. இந்த ஆகஸ்ட் 16-க்கு எங்களுக்கு லீவு உண்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆபீஸுக்கு வருவோம். காந்தி வீதியில் ஒரு ரெடிமேட் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு வைஃபை, ஒரு வாட்டர் கேன், மூன்று குடித்தனம். பெரிய பகுதி ஒரு ஆடிட்டருடையது. அறுபது தாண்டியவர், நெற்றியில் திருநீறு, கையில் எப்போதும் சிவப்பு மை பேனா. அவரிடம் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பையன். ஜன்னல் ஓரம் இன்சூரன்ஸ்காரர். மூலையில் ஒரு மேஜை எனக்கு. எழுதுவதற்காக வாடகைக்கு எடுத்தது. நான் பி.காம். கம்ப்யூட்டர் படித்தவனில்லை. ஆனால் ஒரு நாள் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவிக் கொடுத்ததிலிருந்து அந்த ஹாலில் எனக்கு என்ஜினீயர் பட்டம். யாருக்கு மெஷின் படுத்தாலும், "அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று பையன் வந்து நிற்பான். வைஃபை காசில் என் பங்கை ஆடிட்டர் கேட்பதில்லை. கணக்கு அங்கே நேராகிவிடுகிறது.

முதல் தடவை வந்த வியாதி ரொம்ப எளிமையானது. ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் ஸிங்க் ஆகவே இல்லை. லாகின் என்றால் 'இணைக்க முடியவில்லை' என்கிறது. நெட் இருக்கிறது, பக்கத்து மெஷினில் எல்லாம் ஓடுகிறது. ஹார்டுவேர்காரர் வந்து விண்டோஸையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி ஜனவரி 1, 2009!

மதர்போர்டில் எட்டணா அளவில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கும். சி.ஆர். 2032 என்று பெயர். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் கடிகாரம் ஓட அதுதான் காரணம். அது செத்துப்போனால் ஒவ்வொரு நாள் காலையிலும் கம்ப்யூட்டர் பழைய காலத்தில் கண் விழிக்கும். கிளவுட் பக்கத்து மெஷின் தன் அடையாளச் சான்றிதழை நீட்டும். அதில் 'இந்தத் தேதியிலிருந்து செல்லும்' என்று இருக்கும். 2009-ல் உட்கார்ந்திருப்பவனுக்கு அது எதிர்காலத்துச் சான்றிதழ். 'போலி' என்று கதவைச் சாத்திவிடும். ஐம்பது ரூபாய்கூட ஆகாத பேட்டரி. சாயங்காலம் மெயினை அணைத்துவிட்டுப் போகிற சிக்கனமான ஆபீஸ்களில் இது அடிக்கடி வரும். விண்டோஸை மாற்றுவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள், புண்ணியமாகப் போகும்.

அடுத்தது பெயர்த் தகராறு. இது பாண்டிச்சேரிக்கே உரிய ஸ்பெஷல். இங்கே குமார் என்பவர் இரண்டு வகை. அப்பா, தாத்தா எல்லாம் இந்தியப் பக்கத்துப் பதிவேட்டில் இருந்தால் அவர் கே-யு-எம்-ஏ-ஆர். பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறிய குடும்பமென்றால் சி-ஓ-யு-எம்-ஏ-ஆர். சுப்பிரமணியனுக்கு இன்னும் மோசம், எஸ்-ஓ-யு-பி... ஆரம்பமே சூப்! ஆடிட்டரின் கட்சிக்காரர் ஒருவர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ரிட்டயர் ஆன 'சொல்தா' குடும்பம், ஒயிட் டவுனில் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறார். அவருடைய ஆதார் ஒரு எழுத்தில், பாஸ்போர்ட் ஒரு எழுத்தில். பையன் கே வரிசையில் ஒரு போல்டர் போட்டான். ஆடிட்டர் வீட்டிலிருந்து சி வரிசையில் ஒன்று போட்டார். ஸிங்க் பாவம் என்ன செய்யும்? இரண்டையும் பத்திரமாக எல்லா மெஷினுக்கும் அனுப்பி வைத்தது. மார்ச் வரை ஒன்றில், ஏப்ரலுக்கு மேல் இன்னொன்றில் என்று மனிதர் இரண்டாகப் பிளந்து கிடந்தார். 2006-ல் ஊர் பெயரே பாண்டிச்சேரியிலிருந்து புதுச்சேரி ஆகியதில் 'பாண்டி', 'புதுவை', 'புதுச்சேரி' என்று மூன்று போல்டர் இருந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

பெயரில் இன்னொரு கண்ணி உண்டு. விண்டோஸில் பைல் பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி, நட்சத்திரம், முக்காற்புள்ளி இதெல்லாம் கூடாது. வெப்பில் போய், 'பில் 23/24' என்று பெயர் வைத்துவிட்டு, 'வரலையே வரலையே' என்றோ, 'பெயர் மாறிப்போச்சே' என்றோ புலம்பக் கூடாது.

ஸிங்க்கில் உண்மையான தலைவலி எதுவென்றால் ஒரே எக்ஸெல்லை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறப்பது. பையன் இங்கே சம்பளப் பட்டியலில் நாலு வரி சேர்க்கிறான். ஆடிட்டர் வீட்டில் நெட் இல்லாத லேப்டாப்பில் அதே பட்டியலில் இரண்டு வரியை வெட்டுகிறார். சாயங்காலம் லேப்டாப் நெட்டில் ஏறுகிறது. இப்போது எது நிஜம்? கடைசியாக வந்தது என்று ஒன்றை வைத்தால் மற்றவர் உழைப்பு போச்சு. அதனால் மெஷின் பஞ்சாயத்துக்குப் போகாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளும். ஒன்றின் வாலில் 'கான்ஃப்ளிக்ட்' என்று எழுதிவிடும். வீட்டுச் சண்டையில் இரண்டு பக்கமும் தலையாட்டுகிற மாமா மாதிரி. அந்த வால் பைல்களை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் விபரீதமே. ஒரு தடவை நான் எண்ணிப் பார்த்தேன். அந்த ஆபீஸில் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் பதினோரு வால்!

இந்தப் பிரச்னையை முதலில் உட்கார்ந்து யோசித்தவர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர் என்பது பலருக்குத் தெரியாது. மகாதேவ் சத்யநாராயணன். 1975-ல் இளநிலை, 1977-ல் முதுநிலை, பிறகு அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1983-ல் டாக்டர் பட்டம். அந்தப் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து, வளாகம் முழுக்க எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் உங்கள் பைல் உங்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஆண்ட்ரூ ஃபைல் ஸிஸ்டம் என்று பெயர். கார்னகி, மெலன் இருவருக்குமே முதல் பெயர் ஆண்ட்ரூ, அதனால். அதை வடிவமைத்ததில் சத்யநாராயணனுக்குப் பெரிய பங்கு. ஆனால் நெட் அறுந்துபோனால்? அதற்காக 1987-ல் 'கோடா' என்று அடுத்ததை ஆரம்பித்தார். நெட் இல்லாதபோதும் உன் வேலையைச் செய், திரும்பி வந்ததும் ஒத்துப் பார்க்கிறேன், முட்டிக்கொண்டால் சொல்கிறேன் என்பது அதன் சித்தாந்தம். இன்றைக்கு டிராப்பாக்ஸோ ஒன்டிரைவோ நெட் போய் வந்ததும் செய்கிற காரியம் இதேதான். ஆண்ட்ரூ குழுவுக்கு 2016-ம் ஆண்டுக்கான ஏ.ஸி.எம். மென்பொருள் விருது கிடைத்தது. டிராப்பாக்ஸ்காரர் ட்ரூ ஹௌஸ்டன் பாஸ்டனிலிருந்து நியூயார்க் போகிற பஸ்ஸில் பென் டிரைவை மறந்துவிட்டு ஏறியதில் யோசனை பிறந்து 2007-ல் கம்பெனி ஆரம்பித்த கதை எல்லோருக்கும் தெரிகிறது. நம்ம ஐ.ஐ.டி.காரரின் கதையை யாரும் சொல்வதில்லை. பஸ் இல்லாத கதை, அதனால் இருக்கலாம்.

டேலி பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு நகர்கிறேன். டேலியின் நடப்பு டேட்டாவை ஸிங்க் போல்டருக்குள் வைக்காதீர்கள். அது ஒரு பைல் இல்லை, ஒரு கூட்டுக் குடும்பம். நீங்கள் வவுச்சர் போடப் போட அத்தனை பைலும் மாறிக்கொண்டே இருக்கும். பாதி மாறும்போது ஸிங்க் வந்து படம் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் படத்தை வைத்துக் கல்யாணம் செய்ய முடியாது. டேலியை மூடி, பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப்பை மட்டும் மேகத்தில் ஏற்றுங்கள்.

இனி ஆகஸ்ட் 18.

அதற்கு முன்னால் ஒரு சின்ன முன்கதை. ஆபீஸுக்கும் வீட்டுக்கும் ஒரே கிளவுட் கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. ஆடிட்டர் தன் பேத்தியின் காதுகுத்து வீடியோவையும் அதே போல்டரில் போட்டு வைத்தார். இலவச இடம் நிரம்பி, சிவப்பு எழுத்தில் மிரட்ட ஆரம்பித்தது. மாதம் ஒரு பிரியாணி விலை கொடுத்து 100 ஜி.பி. வாங்கினார். பிரச்னை தீர்ந்தது என்று எல்லோரும் பஜ்ஜி சாப்பிட்டோம். அங்கேதான் விஷயம். மேகத்தில் இடம் பெருகிவிட்டது. ஆனால் அவருடைய வீட்டு லேப்டாப்பில் மொத்த டிஸ்க்கே 128 ஜி.பி. மேகத்தில் ஏறுவதெல்லாம் அதற்குள்ளும் இறங்கிக்கொண்டே இருந்தது.

2025 ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை. 16-ம் தேதி, நான் சொன்னேனே, அந்த லீவு. 17 ஞாயிறு. மூன்று நாள் ஆபீஸ் பூட்டு. 18 திங்கள் காலை ஒன்பதரைக்கு நான் மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. பையன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். ஆடிட்டர் நின்றபடியே கத்திக்கொண்டிருந்தார். அவர் நின்றால் கோபம் என்று அர்த்தம்.

பர்ச்சேஸ் பில் போல்டரைக் காணோம். இருபத்து மூன்று கட்சிக்காரர்கள், பல மாதத்து பில்கள், எல்லாம் ஸ்கேன் எடுத்தவை. 20-ம் தேதி 3பி ரிட்டர்ன் கடைசி நாள். தாமதமானால் ஒரு நாளைக்கு 50 ரூபாய் அபராதம், வரி பாக்கி இருந்தால் வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. அது கிடக்கட்டும். வாங்கிய பொருளுக்குக் கட்டின வரியைக் கழித்துக்கொள்ள வேண்டுமென்றால் போர்ட்டலில் 2பி பட்டியலில் வந்தால் மட்டும் போதாது, பில்லும் கையில் இருக்க வேண்டும். ஒரிஜினலைக் கட்சிக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அதில் பாதி அந்த வழவழப்புப் பேப்பர் பில். நாலு மாதத்தில் வெள்ளைக் காகிதமாகிவிடும். ஸ்கேன்தான் ஒரே சாட்சி.

"என் கண்ணு முன்னாடியே போச்சு அண்ணே" என்றான் பையன் என்னிடம். "ஸிஸ்டம் போட்டேன். போல்டர் இருந்துச்சு. பார்த்துக்கிட்டே இருக்கேன், காணாமப் போயிடுச்சு."

"பார்த்துக்கிட்டே இருந்தா போயிடுமா? இன்னா கதை விடறே? எதையாவது அமுக்கிட்டு இப்ப நடிக்கிறியா?" என்றார் ஆடிட்டர். "இந்த மாசத்தோட கணக்கை முடிச்சுக்க."

வில்லியனூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பையன். படிப்பு முடித்து முதல் வேலை. பதில் பேசவில்லை. மேஜை மேல் டிபன் டப்பா மூடியபடியே இருந்தது.

ஹார்டுவேர்காரர் போனிலேயே, "ரீசைக்கிள் பின்ல பாருங்க" என்றார். பார்த்தார்கள், காலி. "அப்ப அவ்ளோதான் ஸார்" என்று வைத்துவிட்டார்.

பையன் சொன்னது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. ஏனென்றால் ஸிங்க் அப்படித்தான் வேலை செய்யும். மூன்று நாள் அணைந்து கிடந்த கம்ப்யூட்டருக்கு வெளியே நடந்தது எதுவும் தெரியாது. அதன் வயிற்றில் பழைய போல்டர் அப்படியே இருக்கும். காலையில் போட்டதும் போல்டர் தெரியும். நெட் கிடைத்த அடுத்த நிமிஷம் மேகத்தைக் கேட்கும். 'அந்த போல்டரா? அதை அழித்தாகிவிட்டதே' என்று பதில் வரும். 'அப்படியா, இதோ' என்று தானும் அழித்துவிடும். ரொம்பக் கீழ்ப்படிதலான வேலைக்காரன். (இந்த மாதிரி சமயத்தில் இன்னும் போடாத கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால், நெட் வயரைப் பிடுங்கிவிட்டுப் போடுங்கள். உள்ளே பைல் உயிரோடு இருக்கும். இங்கே பையன் வந்ததும் இரண்டையும் போட்டுவிட்டான்.)

"ஸார், மேகத்துக்குன்னு தனியா ஒரு குப்பைத்தொட்டி இருக்கு. வெப்ல லாகின் பண்ணிப் பார்க்கணும்" என்றேன். கூகுள் டிரைவில் 30 நாள் வைத்திருப்பார்கள். ஒன்டிரைவில் சொந்தக் கணக்கென்றால் 30 நாள், ஆபீஸ் கணக்கென்றால் வழக்கமாக 93 நாள். அதற்கப்புறம் ஆண்டவனே கேட்டாலும் கிடைக்காது.

"பண்ணுங்க தம்பி."

"பாஸ்வேர்டு?"

அமைதி. மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சீட்டு இருந்தது. அதில் இருந்ததைப் போட்டால், 'இதை நீங்கள் மாற்றிவிட்டீர்கள்' என்றது. யார் மாற்றியது? எந்தக் காலத்திலோ எல்லா மெஷினிலும் ஒரு தடவை லாகின் செய்தது, அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. மறந்துவிட்டேன் என்று அமுக்கினேன். பதிவு செய்த போன் நம்பருக்கு ஓடிபி அனுப்பட்டுமா என்று கேட்டு, கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் காட்டியது. ஆடிட்டர் நம்பர் இல்லை. பையன் நம்பரும் இல்லை. இன்சூரன்ஸ்காரர்கூட ஆசையாகத் தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

பையன்தான் பழைய பைல் அட்டையைப் புரட்டி, "ஸார், இது எனக்கு முன்னாடி இருந்த அண்ணனோட நம்பர்" என்றான்.

ஆடிட்டர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அந்த முன்னாள் பையன்தான் கணக்கையே திறந்து கொடுத்தவன். பதினோரு மாதத்துக்கு முன்னால் ஏதோ மனஸ்தாபம். பாதி மாதத்தில் நின்றுவிட்டான். அந்தப் பதினைந்து நாள் சம்பளம் 'அப்புறம் பார்க்கலாம்' கணக்கில் இருந்தது. இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறானாம்.

போன் போட்டோம். ஸ்பீக்கரில்.

"வணக்கம் ஸார். நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேம்ப்பா. ஒண்ணுமில்ல... உனக்கு ஒரு ஓடிபி வரும். அதைக் கொஞ்சம் சொல்லிடு."

"ஸார், யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்கன்னு பேங்க்லேர்ந்து தினம் மெசேஜ் வருது ஸார்."

"இது பேங்க் இல்லப்பா, நம்ம ஆபீஸ்..."

"நம்ம ஆபீஸா ஸார்?" சின்ன இடைவெளி. "பதினஞ்சு நாள் சம்பளம் இருக்கு ஸார்."

"அது... கணக்கு பார்த்து..."

"பார்த்தாச்சு ஸார். ஆறாயிரத்து ஐந்நூறு. நானும் பி.காம்.தானே."

இன்சூரன்ஸ்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. ஆடிட்டர் ஒரு நிமிஷம் சிவப்பு பேனாவைத் திறந்து மூடினார். பிறகு போனை எடுத்து ஜிபேயில் அனுப்பினார். ஓசூரில் 'டிங்' கேட்டது. அதற்குள் முதல் ஓடிபி காலாவதி ஆகிவிட்டது. இரண்டாவது வந்ததும் அவனே நிறுத்தி நிதானமாக இரண்டு தடவை படித்தான். "தப்பா எடுத்துக்காதீங்க ஸார்" என்றும் சொன்னான். நான் அவனைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சம்பளம் கேட்க ஒரு மனிதனுக்கு ஓடிபி தேவைப்பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உள்ளே போனோம். குப்பைத்தொட்டியைத் திறந்தேன். மூன்று போல்டர், அடுத்தடுத்து. ஆகஸ்ட் 16, இரவு 10.41-க்கு 'கொடைக்கானல் டூர்'. 10.43-க்கு 'பேத்தி காதுகுத்து'. 10.44-க்கு 'பர்ச்சேஸ் பில்'. ஒரே கணக்கை எல்லோரும் உபயோகித்ததால் யார் என்று பெயர் காட்டவில்லை. எல்லாமே அந்த ஒரு பெயர்தான்.

பெயர் தேவைப்படவும் இல்லை. பின்னாலிருந்து ஆடிட்டர் குரல் தாழ்ந்து வந்தது. "கொடைக்கானல் நான்தானே எடுத்தேன்..."

சனிக்கிழமை ராத்திரி லேப்டாப்பில் ஸி டிரைவ் சிவப்பாகிவிட்டதாம். பெரிய போல்டர் எது எது என்று பார்த்து மூன்றை அழித்தாராம். பில்களைப் பையன் 600 டி.பி.ஐ. கலரில் ஸ்கேன் செய்து வைத்திருந்ததால் அதுவும் பெரிசு. "ஆபீஸ் ஸிஸ்டத்துல இருக்கேன்னுதான் தம்பி இங்கே அழிச்சேன்" என்றார். ஒரு காப்பியை அழித்தால் மற்ற காப்பி இருக்கும் என்று அவர் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. நாற்பது வருஷமாகக் காகிதத்தில் அப்படித்தான். லேப்டாப்பில் இடம் வேண்டுமென்றால் டெலிட் செய்யக் கூடாது. போல்டர் மேல் வலது பட்டனை அமுக்கி 'ஆன்லைனில் மட்டும் வை' என்ற வகையில் ஒன்று இருக்கும், அதைத்தான் தொட வேண்டும். இங்கே இடம் காலியாகும், மேகத்தில் பைல் இருக்கும்.

மீட்டெடு என்று அமுக்கினேன். ஆயிரக்கணக்கான பைல், சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது. மறுநாள் காலைதான் முழுசாக வந்து சேர்ந்தது. 19-ம் தேதி ராத்திரி வரை பையனும் அவரும் உட்கார்ந்து இருபத்து மூன்றையும் முடித்தார்கள்.

அதெல்லாம் பிறகு. திங்கட்கிழமை அந்த நிமிஷத்தில் ஹாலில் யாரும் பேசவில்லை. பையன் இன்னும் சுவரோரமே நின்றிருந்தான். ஆடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாப்டியா?" என்றார்.

"இல்ல ஸார்."

"போய்ச் சாப்பிடு."

மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. காலையில் கத்தியது இன்சூரன்ஸ்காரர், நான், வாட்டர் கேன் போட வந்தவர் எல்லோர் காதிலும் விழுந்தது. 'சாப்டியா' அவன் காதில் மட்டும்தான் விழுந்தது. வயது, வழக்கம், தலைமுறை என்று என்ன சமாதானம் சொன்னாலும் எனக்கு அது இன்றைக்கும் உறுத்தல்தான்.

ஸிங்க் வேறு, பேக்கப் வேறு என்று அன்றைக்கு சாயங்காலம் அவருக்குச் சொன்னேன். ஸிங்க் என்பது கண்ணாடி. நீங்கள் மொட்டை அடித்தால் அதுவும் மொட்டை அடித்துக்கொள்ளும். பேக்கப் என்பது போன மாதம் எடுத்த போட்டோ. அதில் முடி இருக்கும். கம்பெனிக்காரர்களுக்கே இதில் சறுக்குவது உண்டு. 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் மென்பொருளின் 84-வது வெர்ஷனில் சிலருடைய மாதக்கணக்கான பைல்கள் காணாமல் போய், பிறகு கூகுள் மீட்கிற வழியை வெளியிட வேண்டியிருந்தது.

எங்கள் ஊருக்கு இது புது விஷயமே இல்லை. துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்த அதே 1761 ஜனவரியில் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்து, பிறகு இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. நாட்குறிப்பு தப்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாரோ பொறுமையாக உட்கார்ந்து கையால் நகல் எடுத்தார்கள். ஒரு நகல் பாரீஸ் தேசிய நூலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. பிற்பாடு ஆங்கிலத்தில் 12 பாகமாக வந்தது. இதை ஆடிட்டரிடம் சொன்னபோது, "பாரீஸ்ல வைக்கறதுக்கு எவ்ளோ ஆகும்?" என்று கேட்டார்.

ஒரு டி.பி. ஹார்டு டிஸ்க் வாங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையன் அதில் எல்லாவற்றையும் நகல் எடுத்து, வயரைப் பிடுங்கி, பெட்டியில் வைத்துக் கொடுப்பான். (வயரைப் பிடுங்குவது முக்கியம். செருகியே வைத்திருந்தால் வைரஸ் வந்தால் அதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும்.) அது ஆடிட்டர் வீட்டு பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆளுக்கொரு லாகின் போட்டுக் கொடுத்தேன். இப்போது யார் எதைத் தொட்டாலும் பெயர் விழும். காதுகுத்து வீடியோ தனிக் கணக்குக்குப் போய்விட்டது. மீட்பு நம்பரை ஆடிட்டர் போனுக்கு மாற்றினோம். அதில் வருகிற ஓடிபி எல்லாவற்றையும் அவர் 'திருட்டுப் பசங்க' என்று சொல்லி அழித்துக்கொண்டிருக்கிறார்.

நாலு மாதம் கழித்துப் பையனுக்குச் சென்னையில் வேறு வேலை கிடைத்தது. மாதத்தின் நடுவில், பன்னிரண்டாம் தேதி. கடைசி நாள் சாயங்காலம் ஆடிட்டர் அவனைக் கூப்பிட்டு, பன்னிரண்டு நாள் சம்பளத்தை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தார். சில்லறைகூடப் பாக்கி வைக்கவில்லை. பையன் மாடிப்படி இறங்கியதும் என் மேஜைக்கு வந்து, "தம்பி, எதுலயாவது அவன் நம்பர் இருக்கான்னு இன்னொரு தடவை பார்த்துடுங்க" என்றார்.